பரிமளம் கிள்ளிய பூசணிக் கொழுந்து

4.6.1957
பூண்டுலோயா தேயிலைத் தோட்டத்தில் இன்றும் மழை. அறுபத்தெட்டு வயதில் எழுதப் பழகிய எனக்கு இந்த ஒரு வரிக்கே கால் மணி நேரம். ஆனால் கோணல் இல்லை. பேஷ்!

5.6.1957
மருமகள் வேலாயி என் பேத்தி பரிமளத்தைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நாலு வயதுப் பிள்ளை, எடை இருபத்தைந்து றாத்தல்தான். மரக்கறி கொடுக்கச் சொன்னாராம் டாக்டர் ஐயா.

"அடுத்த மாசமும் ஏறலேன்னா வட்டவளையில எங்கம்மாகிட்ட விட்டுருவேன் மாமா. நீங்க ரொம்ப எடம் குடுக்குறீங்க."

வேலாயி கொழுந்தெடுக்கப் போனால் சமையல் என் பொறுப்பு. பரிமளம் போய்விட்டால் யாருக்குச் சமைப்பேன்?

10.6.1957
கரட்டைத் துருவி ரொட்டி மாவில் ஒளித்தேன். கல் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாக எடுத்து என் தட்டில் வைத்தாள். "ஒங்களுக்குத்தான் பல்லு இல்ல தாத்தா, இது மெதுவா இருக்கு." என்ன கரிசனம்!

11.6.1957
பீட்ரூட் ரொட்டி. ரோஜாப்பூ நிறம். நாய் சாப்பிட்டது.

17.6.1957
எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் பூசணிக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தேன். பரிமளம் ஒரு பால் டின்னில் கயிறு கட்டி, அம்மாவைப் போலவே தலையில் மாட்டிக்கொண்டு வந்தாள். அவளும் கிள்ளினாள். சரி, நான் கொழுந்தை நிறுத்து ஈரத்துக்கு எடை கழிக்கும் கணக்கப்பிள்ளை ஆனேன். இரண்டு சிரட்டையும் ஒரு குச்சியும் தராசு.

"மழத்தண்ணிக்கு ரெண்டு றாத்தல் கழிச்சாச்சு!"

இடுப்பில் கை வைத்தாள். "எதுக்குக் கழிச்சீங்க? கழிச்சத என்ன செய்வீங்க?"

"ரொட்டியில போட்டு நான் திம்பேன்."

விடுவாளா? கொழுந்தைப் பொடியாக அரிந்து, வெங்காயம், தேங்காய்ப்பூ சேர்த்துச் சுட்டேன். இறக்கும்வரை பக்கத்திலேயே காவல். "இது என் கொழுந்து" என்று முழுதும் தின்றாள். எனக்கு ஓரம்கூடத் தரவில்லை.

மாலையில் சொன்னேன். வேலாயி சிரித்தாள். "எனக்கும் இன்னிக்கு மழத்தண்ணிக்கு மூணு றாத்தல் வெட்டிட்டாங்க மாமா. அதை யாரு திங்கிறாங்கன்னுதான் தெரியல."

25.6.1957
கோவா, போஞ்சி, கரட் — எல்லா மரக்கறியும் அவளே பறிக்க வேண்டும், நான் கழிக்க வேண்டும். நேற்றுக் கழிக்க மறந்தேன். சாப்பிட மாட்டேன் என்றாள்!

8.7.1957
ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனோம். தராசில் ஏறியதும் பரிமளம் டாக்டர் ஐயாவைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

"கழிக்கக் கூடாது. நா நனையல."

அவர் கழிக்கவில்லை. இலக்கத்தில் எழுதினால் சின்னதாகத் தெரிகிறது, எழுத்திலேயே எழுதுகிறேன்: இருபத்தேழரை றாத்தல்.

வரும் வழியில் வேலாயி வட்டவளைப் பேச்சே எடுக்கவில்லை. லயம் வந்ததும், "பூசணி இன்னும் ரெண்டு கொடி போடுங்க மாமா" என்றாள்.