இடது கைக் கையெழுத்து

தாராவி,
9.2.2026

பாசமுள்ள முத்துமாரி அப்பாவுக்கு, பிரேமலதா எழுதிக்கொள்வது.

நானும் நம்ம புள்ள முத்துமாரியும் இங்க சுகம். ஊர்ல நீங்க சுகமான்னு போன்ல கேட்டா உங்க அண்ணன்தான் பதில் சொல்லுதாரு. கை ஆறிடுச்சு, சாப்பிடுதான், தூங்குதான்னு நர்ஸ் மாதிரி ஒப்பிக்காரு. அதுவும் ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு. வீடே கேக்குற போன்ல நான் என்னத்தப் பேச? அதான் கடுதாசி. நம்ம புள்ளைக்கு இந்தி, மராத்தி எல்லாம் தண்ணி பட்ட பாடு, தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டக்கூட வராது. எட்டிப் பாத்துட்டு, அப்பாவுக்கு லவ் லெட்டரான்னு கேலி பண்ணிட்டுப் போகுது. நம்ம பட்டறை நஸீராவோட கொழுந்தன் தென்காசிக்கு வாரான், அவன் கையில குடுத்து விடுதேன். கவரை ரெண்டு தடவை ஒட்டியிருக்கேன். பிரிச்ச அடையாளம் இருந்தா தெரியப்படுத்துங்க.

விஷயத்துக்கு வாரேன். போன மாசக் கடைசியில நம்ம சந்துக்கு கவர்மெண்ட் ஆளுங்க வந்தாங்க. ரெண்டு ஆம்பளைங்க, ஒரு பொம்பளை அதிகாரி, கழுத்துல கார்டு, கையில நோட்டு. நோட்டைப் பாத்தா நம்ம ஆளுகளுக்கு என்ன தோணும்? குடிசையை இடிச்சுக் கட்டப்போற வீட்டு சர்வேக்காரங்க மறுபடியும் வந்துட்டாங்க, பட்டறை எல்லாத்தையும் எழுதிட்டுப் போய் பொறவு எங்கயாவது தூக்கிப் போட்டுருவாங்கன்னு சந்து முழுக்கப் பேச்சு. நம்ம முதலாளி பூலோகம் அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, பிரஸ் மெஷின் ஒவ்வொண்ணு மேலயும் போர்வையைப் போத்தி, எங்களை அப்பளம் உருட்டுற மாதிரி வட்டமா உக்காரச் சொல்லிட்டாரு. மாவு இல்லை, பலகை இல்லை. நானும் நஸீராவும் வெறுங்கையை உருட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம். பெல்ட் பக்கிள் அடிக்கிற பட்டறையில மெஷின் எண்ணெய் நாத்தம் குமட்டுது, அந்த அம்மாவுக்கு மூக்கு இல்லாமலா போச்சு?

ஆனா அவங்க கோவப்படலை. அதுவே எனக்குச் சரியாப் படலை. இந்த மெஷின்ல யாருக்காவது அடிபட்டிருக்கா, சொன்னா உதவி பண்ணத்தான் வந்திருக்கோம்னு இந்தியில கேட்டாங்க. எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்தாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு நான் சொன்னேன். என் வாயாலயே சொன்னேன். உங்க வலது கையில மூணு விரல் போயி நாலு மாசம்தான் ஆகுது. அன்னைக்கு ஆஸ்பத்திரியில, கடை ஷட்டர்ல கை மாட்டிக்கிச்சுன்னு அண்ணாச்சி எழுத வச்சப்பவும் தலையாட்டிக்கிட்டு நின்னவதானே நான்.

பொறவு இங்க லேபர் கேம்ப் ஏரியாவுல ஒரு ஹால்ல அவங்க கூட்டம் போட்டாங்க. கையுறை சும்மா குடுக்காங்கன்னு நஸீரா போனா. சும்மா எவன் குடுப்பான், உன் கைரேகையை எடுத்துக்கிடுவாங்க, போய்ப் பாருன்னு நான் சொன்னேன். அவ திரும்பி வந்து, ஏளா, இது வீட்டு சர்வே இல்லையாம், தொழிலாளர் துறையாம்னு சொல்லுதா. சின்னப் பட்டறைகள்ல கை கால் போறதைத் தடுக்கத்தான் சந்து சந்தா வாராங்களாம். நம்ம மெஷின் மாதிரியே ஒரு மெஷினைப் படத்துல காட்டியிருக்காங்க. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் அச்சு இறங்கும்ங்கிறது, கை உள்ள இருக்கப்ப அது இறங்கிடக் கூடாதுன்னுதான். ஒரு பட்டனை அமுங்கினபடியே ரப்பர் டியூப் துண்டால கட்டிட்டு ஓட்டுறவங்க கையைத் தொலைக்கத்தான் போறீங்கன்னு திட்டினாங்களாம். ஏற்கெனவே அடிபட்டவங்க இப்ப எழுதிக் குடுத்தாலும் முதலாளிகிட்ட நஷ்டஈடு கேக்க வழி உண்டுன்னும் சொன்னாங்களாம். நான் நம்பலை. கவர்மெண்ட் நம்ம சந்தைத் தேடி வந்து நல்லது பண்ணின கதையை நான் கேட்டதே கிடையாது.

இந்த நஷ்டஈட்டுச் சேதி எப்படியோ அண்ணாச்சி காதுக்குப் போயிடுச்சு. நஸீராதான் சொல்லியிருப்பாளோன்னு நினைச்சேன், அவ அல்லா மேல சத்தியம்ங்கா. அன்னையில இருந்து அண்ணாச்சிக்கு என் மேல பாசம் பொத்துக்கிட்டு ஊத்துது. புள்ளைக்கு அல்வா, எனக்குக் கேக்காமலே அரை நாள் லீவு. டீக்குப் போயி ரெண்டு நிமிஷம் லேட்டானா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிற மனுஷன், தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிடுதாரு. எதுக்கோ அடி போடுதாருன்னு அப்பவே நினைச்சேன்.

நினைச்சது சரியாப் போச்சு. போன வியாழக்கிழமை ஒரு தாளை எடுத்து நீட்டினாரு. மெஷின் பட்டனை நானேதான் கட்டினேன், முதலாளிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு அதுல எழுதியிருக்கு. கீழ ராஜபாண்டின்னு உங்க கையெழுத்து. பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்ப உங்களைப் பாத்தாராம், பின்னால எதுக்கும் இருக்கட்டும்னு நீங்களா மனசாரப் போட்டுக் குடுத்தீங்களாம். சாட்சிக்குப் பக்கத்துல நான் போடணுமாம். இந்தத் தாள் இல்லைன்னா பட்டறைக்கு சீல் வச்சுருவாங்க, பன்னெண்டு பேர் வயித்துல மண்ணு விழும், அந்தப் பாவம் உனக்கு வேணுமான்னு கேட்டாரு.

நான் அந்தக் கையெழுத்தையே பாத்தேன். சின்னப் புள்ள எழுதின மாதிரி கோணல் மாணலா இருக்கு. இடது கையால போட்டது. உங்க இடது கைக் கையெழுத்தை நான் பாத்ததே இல்லையே, நான் எப்படிக் கண்டுபிடிக்க? அண்ணாச்சியே போட்டிருந்தா, அவரு திருடன், அதோட போச்சு. நீங்க போட்டிருந்தா? செய்யாததைச் செஞ்சேன்னு ஒரு மனுஷன் எதுக்கு எழுதிக் குடுக்கணும்? அண்ணாச்சி பக்கம் சாஞ்சுட்டீங்களோ, என்னையும் புள்ளையையும் இப்படியே விட்டுட்டு ஊர்லயே இருந்துரலாம்னு முடிவு பண்ணிட்டீங்களோன்னு அன்னைக்குப் பூரா உங்களையும் சந்தேகப்பட்டேன். மறைக்க மாட்டேன். இன்னும் கொஞ்சம் இருக்கு.

ஆனா நீங்க போட்டுக் குடுத்திருக்க இன்னொரு காரணமும் இருக்கு. அதை எழுதணும்னுதான் இவ்வளவு தூரம் சுத்தி வளைச்சு வந்தேன்.

அந்தப் பட்டனை நீங்க கட்டலை. நான் கட்டினேன். தீபாவளி ஆர்டர் நேரம். எல்லாரும் கட்டிட்டு ஓட்டுறப்ப நீங்க மட்டும் ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டு இருந்தீங்க. மருதாணி போட்ட பொண்ணு மாதிரி வேலை செய்யுதான்னு அண்ணாச்சி எல்லார் முன்னாலயும் சொல்லிச் சிரிச்சாரு. எனக்கு மானம் போச்சு. நீங்க டீ குடிக்கப் போன நேரம், அண்ணாச்சி வெட்டி ஆணியில மாட்டி வச்சிருந்த டியூப் துண்டுல ஒண்ணை எடுத்து நான்தான் இறுக்கிக் கட்டினேன். நீங்க வந்து பாத்தீங்க. பொறவு என்னைப் பாத்தீங்க. அதை அவுக்கலை. உக்காந்து ஓட்ட ஆரம்பிச்சீங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால உங்க சத்தம் கேட்டுச்சு.

இத்தனை நாளா நாம ரெண்டு பேரும் இதைப் பேசிக்கலை. யாரு கட்டினாங்கன்னு கேட்டவங்களுக்கெல்லாம் தெரியலைன்னே சொன்னீங்க.

அண்ணாச்சி தாள்ல நான் கையெழுத்துப் போடலை. மறுநாள் நஸீராவைக் கூட்டிக்கிட்டு அந்த அதிகாரி அம்மா ஆபீஸுக்குப் போனேன். அப்பளம் உருட்டினவதானேன்னு பாத்ததும் கேட்டுட்டாங்க. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. எல்லாத்தையும் சொன்னேன். ஷட்டர்ங்கிறது பொய், என் வீட்டுக்காரருக்கு அடிபட்டது மெஷின்ல, பட்டனைக் கட்டினது நான், கட்டுங்கன்னு டியூப் வெட்டிக் குடுத்தது முதலாளின்னு. அவங்க நோட்டுல எழுதிக்கிட்டே, உன் வீட்டுக்காரரே கட்டினாருன்னு அவர் கையெழுத்தோட தாள் இருந்தா கேஸ் நிக்கிறது கஷ்டம், அவரே வந்து இல்லைன்னு சொல்லணும்னாங்க. இருபத்திமூணாம் தேதி திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. பட்டறைக்கு சீல் வைக்கிறது எங்க வேலை இல்லை, பட்டனைச் சரி பண்ணி, தடுப்பு மாட்ட வைக்கிறதுதான் வேலைன்னும் சொன்னாங்க. சொல்லுறது யாருக்கும் ஈஸி. அதை நடக்குறப்ப பாத்துக்கிடுவேன்.

நான் சொன்னதை மராத்தியில எழுதி என்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. நஸீராவுக்கும் மராத்தி படிக்கத் தெரியாது. அவங்க இந்தியில வாசிச்சதைக் கேட்டுட்டுப் போட்டேன். உள்ள என்ன இருக்கோ, என்னைப் பிடிச்சுட்டுப் போறதுக்கே எழுதியிருக்காங்களோ, அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். புள்ளையைக் கூட்டிட்டுப் போயிருந்தா கடகடன்னு படிச்சுச் சொல்லியிருக்கும். அம்மா கட்டின கட்டுலதான் அப்பா கை போச்சுன்னு அதையா அந்தப் புள்ள வாயால படிக்க வைக்கிறது? என்னால முடியலை.

நீங்க நாகர்கோவில் ரயில்ல ஏறி வந்துருங்க. வந்து, அந்தத் தாள்ல இருக்குறது என் கையெழுத்து இல்லைன்னு சொல்லுங்க. இல்லை, நீங்கதான் போட்டீங்கன்னா, எதுக்குப் போட்டேன்னு சொல்லுங்க. என்னைக் காப்பாத்தன்னு மட்டும் பொய் சொல்லிராதீங்க. எனக்கு அது வேண்டாம்.

இந்த நாலு மாசம் நீங்க பேசாம இருந்தது என் மேல உள்ள வெறுப்பா, இல்லை என் பேரு உங்க வாயில இருந்து வந்துரக் கூடாதுங்கிற பயமான்னு எனக்குத் தெரியலை. யாரைப் பாத்தாலும் சந்தேகப்படுற எனக்கு இது ஒண்ணுலதான் எந்தப் பக்கமும் போக முடியலை. வெறுப்புன்னா வந்து ஆசை தீரத் திட்டுங்க, கேட்டுக்கிடுதேன். எதுவா இருந்தாலும் உங்க அண்ணன் வாயால வேண்டாம், உங்க வாயால சொல்லுங்க.

உங்க கை சீக்கிரம் தேறணும்னு தினமும் அம்மனை வேண்டிக்கிட்டு இருக்கிற,
பிரேமலதா