அழிந்த கிரகத்தின் கடைசி இதயம்

அப்சல் அண்ணே,

இன்று நாலு மணிக்குப் பேரண்டத்தின் தலைவிதி நம் மொட்டைமாடியில் ஏலம் போகிறது. அதற்குள் அங்கன காயும் மல்லியை அள்ளி வை.

உன் விண்வெளி விளையாட்டுக்கு நீ எழுதிய கதையைப் படித்தேன். வேற்றுக்கிரகத்து வியாபாரிகள் மாட்டுச்சந்தைத் தரகர் மாதிரி துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார்களாம். அவர்களுக்குக் கைக்கு எட்டு விரல் என்றும் நீதான் எழுதியிருக்கிறாய். வியாபாரியாக நடிக்கும் உன் கூட்டாளி ஈஸ்வரபாண்டிக்கு அஞ்சு விரல்தானே, அவன் எப்படி ஏலம் கேட்பான்? “பொம்பளப் பிள்ளைக்கு விண்வெளியெல்லாம் புரியாது”ன்னு நேத்து சொன்னேல்ல, நீயே யோசி. என்னையும் ஆட்டத்தில் சேர்த்தால் வழி சொல்கிறேன். கம்ப்யூட்டர் கிளாஸ் முடிந்து மூணரைக்கு வருவேன்.

புளிக்குழம்பு அடுப்பு மேல்.

பாஜிலா

பி.கு.: ஏலப்பொருளான அந்தக் ‘கடைசி இதயம்’ என் பையில் இருக்கிறது. சேர்த்துக்கொண்டால் திரும்பி வரும். அது காலையிலிருந்து அம்மா தேடும் குக்கர் வெயிட் என்று இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.