ஏரிச் சூனியக்காரிக்கு அம்மா முகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். நான் எழுதும் மாயாஜால காமிக்ஸில் ஏரிக்குள் வாழும் சூனியக்காரி ஒருத்தி வருகிறாள். அவளை வரைந்து ஓவியர் அக்கா கொண்டுவந்தார். பார்த்தால், அம்மா உயிரோடு எழுந்து வந்த மாதிரி, வாயைப் பொத்திக்கொண்டு அதே சிரிப்பு!

"எங்கம்மாவை எங்கே பாத்தீங்க?" என்றேன்.

"நான் எங்கே பாத்தேன்? நீ எழுதினதைத்தானே வரைஞ்சேன்."

இந்த இதழில் அவள் சாக வேண்டுமாம், ஆசிரியர் சொல்லிவிட்டார். எழுத உட்கார்ந்தால் சுவரில் ஒட்டிய படம் என்னையே பார்த்தது. தாளால் மூடினேன். மூடிய பிறகு இன்னும் உற்றுப் பார்த்தது.

"இவளைக் கொல்ல என்னால ஆகாது சார்," என்று சொல்லியேவிட்டேன்.

கத்தித் தீர்த்தார். பிறகு, "சரி, பேசவாவது வை. இதுவரைக்கும் அவ வாயே திறக்கலையே," என்றார்.

பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. ஒரு சின்ன உதவி மட்டும். அம்மா பேசியது ஏதாவது உங்கள் போனில் இருந்தால் அனுப்புங்கள். என்னைத் திட்டியதாக இருந்தாலும் பரவாயில்லை. முகம் அப்படியே இருக்கிறது அப்பா, குரல்தான் வரமாட்டேன் என்கிறது.

அக்கா கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள் செல்ல மகள்