எந்த வாசலையும் விடாமல்

மொர்தாத் 18

குங்குமப்பூ விலை மறுபடி ஏறிவிட்டது. போன வருடம் இரண்டு மிஸ்கால் எடை வாங்கின காசுக்கு இப்போது ஒன்றுதான் வரும். வீட்டுக்காரர் ரஹ்மத்திடம் சொன்னேன். "அப்ப பாயசம் கொஞ்சம் வெளுத்துப் போகும், அவ்வளவுதானே" என்றார். வெளுக்க விடமாட்டேன். திரைச்சீலைத் துணியைத் தள்ளிப்போடலாம். பாயசம் காய்ச்சிக் கொடுக்கிற ஸஃபர் மாதம் இருபத்தெட்டுக்கு, நபிகள் மறைந்த நாளுக்கு, இன்னும் மூன்றரை வாரம் இருக்கிறது.

மத்தியானம், கூரைக்கு மேலிருந்து காற்றை இறக்கித் தருகிற காற்றுக் கோபுரத்துக்குக் கீழே படுத்திருந்தேன். கண் அசந்தது. கனவில் சந்து முழுக்க மஞ்சளாக எதுவோ நிரம்பி, ஒவ்வொரு வாசற்படியையும் தொட்டுத் தொட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லை அதற்கு. விழித்தபோது உள்ளங்கையில் பன்னீர் வாசனை. சீசாவை நான் திறக்கவே இல்லையே.

மொர்தாத் 22

மீஸம் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். இனி என் பிள்ளை வாத்தியார். சின்ன வயதில் தலையணைகளை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் நடத்துவான். சாய்ந்து விழுகிற தலையணைக்குத் திட்டு விழும்.

இன்னும் விசாரணை ஒன்று பாக்கி. அரசாங்க அலுவலகத்திலிருந்து ஆள் வருவார்கள். பையன் தொழுகிறானா, அம்மா தலையிலிருந்து கால்வரை சாதர் போர்த்துகிறாளா, வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்பார்கள். இதில் எனக்கு என்ன பயம்? ஐந்து வேளையும் தொழுகிறேன். பள்ளிக்கூடம் போகாதவள் நான். ரேடியோவில் ஓதுவதைக் கேட்டுக்கொண்டே விரலை வரியில் வைத்து வைத்து எழுத்துக் கற்றுக்கொண்டவள். வந்து பார்க்கட்டும்.

மொர்தாத் 25

மசூதியில் பெண்கள் கூட்டம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கூட்டத்தை நடத்துகிற அம்மாள், நாங்கள் மரியாதைக்குக் 'கானும்' சேர்த்துக் கூப்பிடுகிற ஹாஜி கானும், பக்கத்தில் வந்து நின்றார்.

"ஸகீனே, ஒன் பாயசத்து மேல இந்த வருஷம் நபி பேர யாரு எழுதப் போறா?"

"எப்பவும் எழுதுறவங்கதான், ஹாஜி கானும்."

"அவ கை பட்டா நஜீஸு, தீட்டு. ஒனக்குத் தெரியாதா?"

"இருவது வருஷமா சந்தே சாப்பிட்டிருக்கே."

"தெரியாம சாப்பிட்டோம்."

"தெரியாமயா? போன வருஷம் ரெண்டாவது கிண்ணம் கேட்டு ஆள் அனுப்பினீங்களே."

பக்கத்தில் நின்றவர்கள் சாதர் நுனியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஹாஜி கானும் சிரிக்கவில்லை. என் தோளில் கை வைத்து, மிகவும் அன்பாக, "மீஸம் பேரு விசாரணைல இருக்காமே? என்கிட்டயும் கேக்க வருவாங்க" என்றார்.

வீடு வரும் வழியெல்லாம் அந்தக் கை தோளிலேயே இருந்தது.

மொர்தாத் 26

எங்கள் பாயசத்தில் எழுதுகிற எதிர் வீட்டு ஃபுரூக் கானும் பஹாய் மதத்தவர். அடையாள அட்டைப் படிவத்தில் எல்லா மதத்துக்கும் கட்டம் உண்டாம், அவர்களுக்குக் கிடையாது. வசந்தத்தில் அவர்களுடைய பண்டிகை நாளன்று கடையைச் சாத்தினார்கள் என்று அவர் கணவர் எனாயத் ஆகாவின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். இப்போது வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து உடைந்த சட்டங்களை ஒட்டித் தருகிறார்.

ஆறின பாயசத்தின் மேல் விரல் நுனியால் பட்டைத்தூளைத் தூவித் தூவி ஃபுரூக் கானும் எழுதுவதைப் பார்க்க வேண்டும். நபிகளின் பெயரை எழுதுவார். எழுதுகிற மாதிரியே இருக்காது. ஏற்கனவே உள்ளே இருந்த பெயர் மேலே மிதந்து வருகிற மாதிரி இருக்கும். அவருடைய நபி வேறு. ஆனால் எங்கள் நபியின் பெயரை எழுதும்போது அவர் மூச்சு விடமாட்டார், தூள் கலைந்துவிடும் என்று.

நஜீஸா அது?

மொர்தாத் 28

ஹாஜி கானும் மீஸமிடமே சொல்லியிருக்கிறார். கிணற்றடியில் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, இந்த ஒரு வருஷம். அவங்க எழுத வேணாம். அவங்க வீட்டுக்குக் கிண்ணமும் போக வேணாம். வேலை கெடச்சுட்டா அடுத்த வருஷம் ரெண்டாக் குடு."

"அந்த நேர்ச்சையே ஒனக்காகத்தான்டா."

"அதான் சொல்றேன். எனக்காகவே விட்டுடு."

குழாயைத் திறந்துவிட்டேன்.

அவனுக்கு அப்போது நாலு வயது. காய்ச்சலில் கண் மேலே சொருகிவிட்டது. ரஹ்மத் வெளியூரில். எனாயத் ஆகாதான் காரை எடுத்தார். பின்சீட்டில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நேர்ந்துகொண்டேன்: இவன் பிழைத்தால் வருடா வருடம் பாயசம் காய்ச்சி எங்கள் சந்தில் எந்த வாசலையும் விடாமல் கொடுப்பேன். ஃபுரூக் கானும் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் நேர்ச்சையை முதலில் கேட்டவர் இறைவன். அடுத்துக் கேட்டவர் அவர்.

ஒரு வாசலை விட்டால் அது என்ன நேர்ச்சை?

ஆனால் பிள்ளையின் வேலை — அதுவும் என் கையில்தானே இருக்கிறது.

ஷஹ்ரிவர் 2

குர்ஆனைத் திறந்து குறி பார்க்கலாமா என்று யோசித்தேன். கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு, மடியிலும் வைத்துவிட்டேன். திறக்கவில்லை. வழி தெரியாதவர்கள் கேட்க வேண்டியது அது. எனக்கு வழி தெரியாமல் இல்லை. வேறு பதில் வராதா என்றுதான் கேட்கப் பார்க்கிறேன்.

ஷஹ்ரிவர் 5

கனவு. பட்டைத்தூளில் எழுதின எழுத்துகள் எறும்புகளாகி வரிசையாகச் சுவரேறிப் போகின்றன. எந்த வீட்டுச் சுவர் என்று அவை பார்க்கவில்லை.

ஷஹ்ரிவர் 8

பாதாம் சீவ ஃபுரூக் கானும் வந்தார். சீவிக்கொண்டே சொன்னார்:

"ஸகீனே ஜான், இந்த வருஷம் நீயே எழுதிடேன். எனக்குக் கை வலி."

"எந்தக் கை?"

கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும்."

"ரெண்டு கையும் வலிக்கிறவங்க இவ்வளவு மெலிசா எப்படிச் சீவுறீங்க?"

அவர் தலை தூக்கவில்லை. கத்தி நுனியில் ஒட்டின சீவலைத் தட்டிவிட்டார். "மீஸம் என் கண்ணு முன்னால வளந்தவன். அவன் சோத்துல மண்ணு விழ நான் காரணமா இருக்க மாட்டேன்" என்றார்.

எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. சந்து சின்னதுதானே.

"நீங்க வரலைன்னா இந்த வருஷம் அடுப்பே பத்த வைக்க மாட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் முடிவு செய்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

ஷஹ்ரிவர் 12

இன்று ஸஃபர் இருபத்தெட்டு. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு அடுப்பு மூட்டினேன். குங்குமப்பூத் தண்ணீரை ஊற்றியதும் அரிசி அந்தி வானம் மாதிரி ஆனது. ஆவியில் முற்றம் கரைந்து போயிற்று. மாதுளை மரம், சுவர், ரஹ்மத், எதுவும் தெரியவில்லை. கரண்டி சுற்றுகிற சத்தம் மட்டும். ஆளுக்கு ஒரு முறை கிண்டி மனதுக்குள் வேண்டிக்கொள்வது வழக்கம். வழக்கமாக முற்றம் கொள்ளாது. இன்று பாதிப் பேர்கூட வரவில்லை.

ஃபுரூக் கானும் கிண்டினார். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கிண்டினார். பிறகு உட்கார்ந்து எழுதினார்.

மீஸம் காலையிலேயே வெளியே போய்விட்டான்.

ரஹ்மத் தட்டை ஏந்த, வீடு வீடாகப் போனேன். ஹாஜி கானும் வீட்டில் கதவே திறக்கவில்லை. இன்னும் சில வீடுகளில் "சர்க்கரை வியாதி" என்றார்கள். போன வாரம்வரை யாருக்கும் இல்லாத சர்க்கரை. கடைசிக் கதவும் மூடினபோது ரஹ்மத், "நல்லதாப் போச்சு, நாளைக்குக் காலைல எனக்கு ரெண்டு" என்றார்.

ஃபுரூக் கானும் வாசலில் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஷஹ்ரிவர் 13

இன்றே வந்துவிட்டார், விசாரணைக்காரர். ஹாஜி கானும் வீட்டிலிருந்து நேரே இங்கே.

சின்ன வயதுதான். காலணியெல்லாம் புழுதி, தூங்காத கண். தொழுகை, நோன்பு என்று வரிசையாகக் கேட்டார், சொன்னேன். வந்தவருக்கு எதுவும் கொடுக்காமல் இருக்க முடியுமா? மிஞ்சின பாயசக் கிண்ணம் ஒன்றை வைத்தேன். பசி போலிருக்கிறது, வேகமாகச் சாப்பிட்டார். பாதியில் நிறுத்தி, "எழுத்து ரொம்ப அழகா இருக்கு, கானும். நீங்களா எழுதினது?" என்றார்.

மீஸம் அறை வாசலில் நின்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு சொல். தலையை ஆட்டினால்கூடப் போதும்.

"இல்ல. எதிர் வீட்டு ஃபுரூக் கானும்."

கரண்டி நின்றது. நபிகள் பெயரில் பாதி ஏற்கனவே அவர் வயிற்றுக்குள். மீதி கிண்ணத்தில்.

"அவங்க யாருன்னு தெரியும்ல ஒங்களுக்கு?"

"தெரியும். இருவது வருஷமா."

"நீங்க மார்க்கம் தெரிஞ்சவங்க. ஒங்களுக்கு உறுத்தலையா?"

என்ன சொன்னேன் என்று அப்படியே எழுதி வைக்கிறேன். "ஐயா, நான் தொழுறது யாரோ எழுதிட்டுப் போகணும்னு இல்ல. பயந்து தொழுதா அது ஒங்க அலுவலகத்துக்குத்தான் போய்ச் சேரும், மேல போகாது. அவங்க கும்பிடுறது அவங்களுக்கும் அவங்களப் படைச்சவனுக்கும் நடுவுல. அந்த நடுவுல நீங்க நாற்காலி போட இடம் எங்க இருக்கு?"

சொல்லிவிட்டுச் சாதரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அவர் காகிதத்தில் ஏதோ எழுதினார். பிறகு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல, "என் மனைவி மாசமா இருக்கா. இனிப்பு தவிர எதுவும் தங்க மாட்டேங்குது. இன்னொரு கிண்ணம் கெடைக்குமா?" என்றார்.

துணியில் கட்டிக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு போனார். ஃபுரூக் கானும் கையெழுத்தோடு.

மெஹர் 9

மீஸம் பேசுவதில்லை. சாப்பிடுகிறான், தட்டைக் கழுவி வைக்கிறான்.

ஆபான் 3

பதில் வந்தது. தகுதியில்லை என்று ஒரே வரி. காரணம் இல்லை.

அவன் சத்தம் போட்டிருந்தால் தேவலை. "தலையணைங்களுக்கே பாடம் நடத்துறேன்" என்றான். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். செய்தது சரிதான். சரியானது இப்படி வலிக்கும் என்று யாரும் சொல்லவில்லையே.

தேய் 11

ரஹ்மத்தின் மினிபஸ்ஸை மீஸம் ஓட்டுகிறான். கிராமத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, திரும்பக் கூட்டி வருகிறான். வழியில் வாய்ப்பாடு கேட்கிறானாம். தப்பாகச் சொன்னால் ஹாரன் அடிக்கிறானாம். ரஹ்மத் சொல்லித்தான் தெரியும்.

இஸ்ஃபந்த் 20

கிண்ணங்களை எடுத்து வைத்தேன். ஒன்று குறைகிறது. எங்கள் பக்கம் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள், ஒரு கல்கண்டாவது கிடக்கும். அதனாலேயே சிலர் தாமதிப்பார்கள். "அரசாங்கம் நம்ம கிண்ணத்த முழுங்கிடுச்சு" என்றான் மீஸம். ஆபான் மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவனாகச் சொன்ன முதல் வாக்கியம்.

அவன் மூக்குக்கண்ணாடியின் கால் ஒட்டியிருக்கிறது. எங்கே ஒட்டினாய் என்று கேட்கவில்லை. எதிர் வீட்டு ஜன்னலோரத்து வேலை பார்த்தால் தெரியாதா எனக்கு?

மொர்தாத் 29

வருடம் திரும்பிவிட்டது. பிறைக் கணக்கில் முன்தள்ளி வந்து, நாளை மறுநாளே ஸஃபர் இருபத்தெட்டு. குங்குமப்பூ ஒன்றரை மிஸ்கால் வாங்கினேன். எனாயத் ஆகா கடையில் முத்திரை இன்னும் அப்படியே இருக்கிறது. ஹாஜி கானும் என் சலாமுக்குப் பதில் சொல்லுவதில்லை. நான் சொல்லுவதை நிறுத்தவில்லை.

சாயங்காலம் மீஸம் மினிபஸ்ஸைக் கழுவிவிட்டு வாளியோடு உள்ளே வந்தான். இன்னொரு கையில் துணிமூட்டை. சந்து முனையில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றதாம். பின்னால் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. "அந்த விசாரணை ஆளுதாம்மா. எதுவும் பேசல. இத கைல குடுத்துட்டுப் போயிட்டான்."

அவிழ்த்தான். எங்கள் கிண்ணம். பளிச்சென்று தேய்த்திருந்தது. உள்ளே ஒரு கட்டுப் பட்டை, நூல் சுற்றி. முற்றம் முழுக்க அந்த வாசனை மெதுவாகப் பரவி நின்றது.

மீஸம் ஒரு குச்சியை எடுத்து முகர்ந்தான். ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு கிண்ணத்தோடு சந்தைக் கடந்து போனான். எதிர் வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அவன் குரலும்.

"ஃபுரூக் கானும், கை வலி இப்ப எப்படி இருக்கு? ஒரு கையா, ரெண்டு கையுமா?"