மடிச்சூடு

அண்ணி,

இன்று காலை ஒரு பெண் ஓடிவந்து பால் தூக்கை என் கையில் கொடுத்தாள். தூக்கு சுட்டது. நுரை அடங்காத பாலின் வாசனை ஏறியதும் நீங்கள்தான் எதிரே வந்து நின்றீர்கள். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. இப்போது வேறு ஊர்ப் பால் சங்கத்தில் இருக்கிறேன். அதே வேலைதான்: லாக்டோமீட்டர் என்கிற கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்க விடுவது. கோடு மூழ்கும்படி அமிழ்ந்தால், தண்ணீர் கலந்த பால் என்று எழுதுவது.

நம் ஊரில் உங்கள் பெயருக்கு நேரே இரண்டு முறை அப்படி எழுதியவன் நான்தான். மூன்றாவது முறை எழுதினால் சங்கத்திலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். சங்கத்துப் புண்ணாக்கு நின்றுபோகும். புண்ணாக்கு இல்லாமல் உங்கள் சீமைப் பசு வெறும் கரும்புத் தோகையைத் தின்று எத்தனை நாள் கறக்கும்? உங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த நான், உங்களை நம்பாமல் குழாயை நம்பினேன். "இன்னா தம்பி, நீயுமா?" என்று மட்டும் கேட்டீர்கள். நான் பதிவேட்டை மூடினேன்.

அதற்கு முந்தைய வாரம்தான் அதிகாரிகள் ஜீப்பில் வந்து கூட்டம் போட்டிருந்தார்கள். கலப்பினப் பசு வாங்கு, பச்சைத் தீவனம் போடு, வருமானம் இரட்டிப்பாகும் என்றார்கள். தப்பில்லை. ஆனால் விடியலில் நீங்கள் முதலில் யாருடைய மாட்டைக் கறக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சங்கத் தலைவர் வீட்டு நான்கு மாடுகளையும் கறந்துவிட்டுத்தான் உங்கள் பசுவிடம் ஓடிவருவீர்கள். கறந்த சூட்டோடு, லாரி கிளம்பும் நேரத்தில், கடைசி ஆளாகச் சங்கத்துக்கு வருவீர்கள்.

மூன்றாவது நாள் நீங்கள் பாலோடு வரவில்லை. பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். வரிசையில் நின்றவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாட்டையும் உறுப்பினராகச் சேர்க்க வந்தாயா என்று ஒருவர் கேட்டார்.

"சேத்துக்கினா நல்லாத்தான் இருக்கும். அது சொன்னாவாவது நம்புவீங்க."

தூக்கைக் கவிழ்த்து எல்லோருக்கும் காட்டினீர்கள். ஒரு சொட்டுகூட இல்லை. கன்றை விட்டு இழுத்துக் கட்டிவிட்டு, அங்கேயே குந்திக் கறந்தீர்கள். நிறைந்த தூக்கை என்னிடம் நீட்டினீர்கள். குழாயை விட்டேன். அமிழ்ந்தது. நேற்றைப்போலவே கோட்டைத் தாண்டி அமிழ்ந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது.

"எழுது தம்பி. மாடுதான் தண்ணி கலந்துச்சுன்னு எழுது."

தலைவர் செருமினார். நீங்கள் அவர் பக்கம் திரும்பினீர்கள். குரல் உயரவில்லை.

"ஐயா வூட்டுப் பாலயும் இந்தக் கைதான் கறக்குது. அது ஒரு மணி நேரம் தண்ணித் தொட்டியில குளுந்துட்டு வருது. என்து மடிச்சூட்டோட வருது. ரெண்டையும் ஒரே குழாயில அளந்தா நான் திருடியா?"

தூக்கைச் சங்கத்துத் தொட்டித் தண்ணீரில் இறக்கி வைக்கச் சொன்னீர்கள். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் நகரவில்லை. பால் ஆறியதும் மறுபடி விட்டேன். குழாய் நிமிர்ந்து நின்றது. கோடு மேலே தெரிந்தது. சூட்டில் பால் இளகிக் காட்டும் என்பதைப் பயிற்சியில் ஒரு வரியில் சொல்லியிருந்தார்கள். அந்த வரியை மறந்தவன் நான். அதைத் தலைவர் வீட்டுத் தொட்டியடியில் தானே கண்டுபிடித்தவர் நீங்கள்.

முன்பு எழுதிய இரண்டையும் அடித்தேன். தலைவரால் தடுக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து தன் வீட்டுக்குக் கறக்க வர வேண்டாம் என்று மட்டும் சொல்லியனுப்பினார். கூலி போனது. நான் பதறி ஓடிவந்தபோது நீங்கள் பசுவுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தீர்கள்.

"போவட்டும். இனிமே என் மாடு மொதல்ல."

அந்த வருடம் கஷ்டப்பட்டீர்கள். கஞ்சியைக் குறைத்தீர்களே தவிர, புண்ணாக்கைக் குறைக்கவில்லை. விடியலில் நேரத்தோடு கறந்தீர்கள், பசுவும் முன்னைவிட நிறையக் கொடுத்தது. மூன்றாம் வருடம் கன்றும் வளர்ந்து கறவைக்கு வந்தது. எந்த ஜீப்பும் சொல்லித் தராத வழி இது. முன்னேற்றம் பற்றி யார் பேசினாலும் எனக்கு இப்போது ஒரே கேள்விதான் வருகிறது.

இன்று காலையும் செயலாளர் என் பின்னால் நின்று, "தண்ணின்னு போட்டு அனுப்புப்பா, லாரி நிக்குது" என்றார். நான் அந்தப் பெண்ணின் தூக்கைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினேன். பதிவேட்டை மூடி அதன் மேல் உட்கார்ந்தேன். வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. முதலில் யார் வீட்டில் கறந்துவிட்டு வருகிறாய் என்று அவளிடம் கேட்டேன்.

அவள் செயலாளரைப் பார்த்தாள்.

நான் எழுந்திருக்கவில்லை, அண்ணி.