சாவி இல்லாமல் போன வண்டி

மாப்பிள்ளை,

இன்று காலை புதுக்கோட்டையில் புது கார் எடுத்தேன். ஷோரூமில் இருந்த பெண் சாவியோடு ஒரு சின்னத் தகரப் பெட்டியையும் நீட்டினாள். “வீட்டுக்குப் போனதும் சாவிய இதுக்குள்ள போட்டு மூடிருங்க சார்” என்றாள். எதற்கு என்று கேட்டேன். பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்கிற வண்டிகளில், சாவி சும்மா கிடக்கும்போதும் சிக்னல் வந்துகொண்டே இருக்குமாம். திருடன் ஒரு கருவியோடு வாசலில் நின்றால் போதும். அந்தச் சிக்னலைப் பிடித்துத் தெருவில் நிற்கும் வண்டிக்கு அனுப்பிவிடுவான். சாவி பக்கத்தில் இருப்பதாக எண்ணி வண்டி திறந்துகொள்ளும், இன்ஜினும் ஓடும். அதற்குமேல் அங்கே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நான் குவைத்தில் இருந்தபோது, இதே போலப் பட்டனில் ஸ்டார்ட் ஆகும் என் பழைய காரை அறந்தாங்கியில் உங்கள் வீட்டு வாசலில் வைத்து நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள். தங்கச்சி வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், நீங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அது காணாமல் போனது. பதறிக்கொண்டு ஊர் வந்தேன். “சாவி இல்லாம இந்த மாடல எடுக்கவே முடியாது” என்றார் ஸ்டேஷனில் ஒருவர்.

“சாவிய யாருக்கும் குடுத்தீங்களா மாப்ள?” என்று எல்லோர் முன்னாலும் உங்களைக் கேட்டேன்.

“இல்ல மச்சான். வாசக்கதவுப் பக்கத்து ஆணியிலதான் கெடந்துச்சு.”

மறுபடியும் கேட்டேன். அதையே சொன்னீர்கள். மூன்றாம் முறையும் கேட்டேன்.

என் மகள் காதுகுத்துக்கு வந்தீர்கள். பந்தியில் உட்காரவில்லை. “வேல கெடக்கு மச்சான், வாரேன்” என்று போய்விட்டீர்கள். அடுத்த மாசியில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

ஷோரூமிலிருந்து நேராக அறந்தாங்கிக்கு ஓட்டினேன். திரும்பிவிடலாமா என்று வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தினேன். தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லி, “மாப்ள மேல தப்பே இல்லத்தா” என்றேன்.



“என்கிட்டயும் எத்தனையோ தடவ சொன்னாருண்ணே. நீயே அப்படிக் கேட்டதும், ஏதோ இருக்கும்னுதான் நானும் நெனச்சேன்.”

எழுந்துபோய்க் காபி போட்டுக் கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்தேன். கடைசி ஒரு வருஷம், உங்கள் வீட்டுக்குள்ளேயே உங்களை நம்ப ஆளில்லாமல் செய்தவன் நான்தான், மாப்பிள்ளை.