நாளை டி.வி. தெரியாது

2006 புரட்டாசி, சனிக்கிழமை இரவு

கேபிள் ஆபீசில் டி.வி.யின் அடியில் ஓடும் அறிவிப்புகளை டைப் செய்வது என் வேலை. இன்று முதலாளி சொன்னதை அடித்தேன்: "பராமரிப்புப் பணி காரணமாக நாளை பகல் முழுவதும் புதுப்பட்டியில் ஒளிபரப்பு இருக்காது."

எந்த வயரும் பழுதாகவில்லை. பட்டாசுக் கம்பெனிக்காரர் வந்து கேட்டுக்கொண்டார். டி.வி. ஓடினால் ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வேலைக்கு வர மாட்டார்களாம். அடித்ததை அப்படியே ஓடவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா தெருப் பெண்களைக் கூட்டி வைத்திருந்தாள். "கீழ ஓடுது பாருங்க, எம் மக எழுதுனது!"

"படமும் கிடையாது, சும்மா கிடந்து என்னக்கா செய்ய? வேலைக்காச்சும் போவோம்," என்றாள் பக்கத்து வீட்டு மாரி.

"போகாதம்மா. நனைஞ்ச வெடிமருந்து தொட்டாலே சுடுதுன்னு நீதான நேத்துச் சொன்ன?" என்றேன் அம்மாவிடம்.

"சீசன்ல அதெல்லாம் பாத்தா முடியுமா? வீட்ல உக்காந்து உன் மூஞ்சியப் பாக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அறிவிப்பு பொய் என்று அப்போதும் சொல்லவில்லை.

கம்பெனி வேன் விடியுமுன் வந்துவிடும். என் செல்போனில் அலாரம் வைக்கச் சொல்லிவிட்டு அம்மா தூங்கிவிட்டாள். தெருவை எழுப்பும் பொறுப்பு அவளுடையதாம்.

இன்னும் வைக்கவில்லை.